நான் தமிழாக்கிய பொத்தான்கள்

கூட்டத்துக்குப் போகாதவர் தலையில்தான் வேலை விழும் என்பது எங்கள் வளாகத்தில் எழுதப்படாத சட்டம். அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டியிருந்தது. வவுனியாவில் ஒரு பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு நான் படுத்திருந்த நேரத்தில், பழைய இணையத்தளத்தில் கிடக்கும் பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் புதிய கற்றல் தளத்துக்கு மாற்றும் குழுவுக்கு என்னை இணைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று பார்த்தால் வாய் திறக்க முடியவில்லை. நான் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

குழு என்றவுடன் பெரிய பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். நானும் எங்கள் கணினிப் பகுதிப் பொறுப்பாளரும்தான். அவர் சுன்னாகத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, ஒருநாளும் பதறாத மனிதர். எதைக் கேட்டாலும் “பாப்பம் மிஸ்” என்பார். மின்சாரம் போனாலும் பாப்பம், தளம் படுத்தாலும் பாப்பம், கூரையால் மழை ஒழுகிக் கணினிக்கு மேல் கொட்டினாலும் பாப்பம். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டால் வேலை நடக்கும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது.

நான் படிப்பிப்பது புவியியல். வெளிவாரி மாணவர்களுக்கு, தமிழில். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் என்று நாலு பக்கத்தாலும் வார இறுதியில் பஸ் பிடித்து வருகிறவர்கள். கமக்காரர், கிளாக்கர், கடை வைத்திருப்பவர், பிள்ளை குட்டிக்காரர். இவர்களுக்காகத்தான் இந்தப் புதிய தளம் என்று மேலிடம் சொன்னது. இனிமேல் ஒவ்வொரு கிழமையும் அலையத் தேவையில்லை, குறிப்பை வீட்டிலிருந்தே எடுக்கலாம், ஒப்படையையும் அங்கிருந்தே அனுப்பலாம். ஒப்படை என்பது மாணவர் வீட்டில் எழுதித் தரும் வேலை. அது வந்து சேராவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாது.

அந்த வகுப்பில் ஒட்டுசுட்டானிலிருந்து வரும் முன்பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதிருக்கும். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ரீச்சர் இந்தப் பட்டத்தை எடுக்கத் தொடங்கிப் பல வருடம். இடையில் ஒரு வருடம் மகளுக்கு டெங்கு, இன்னொரு வருடம் யானை வீட்டுச் சுவரை இடித்துப் புத்தகங்களையும் மிதித்துவிட்டுப் போனது, இப்படியே இழுபட்டு அவருக்கு அனுமதிக்கப்பட்ட காலம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. இந்தமுறை பரீட்சை எழுதாவிட்டால் பதிவு ரத்து. பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதும் அதோடு தாண்டிவிடும். தவணை தொடங்கியபோது அவர் என்னிடம் வந்து, இதுதான் கடைசி, நான் பிழை விட்டால் சொல்லித் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

முதல் வில்லங்கம் பாமினியால் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுப் பழகியது. என் பதினைந்து வருடக் குறிப்புகளும் அதில்தான். அதைத் தூக்கிப் புதிய தளத்தில் போட்டால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கேள்விக்குறியும் கலந்து, பூனை விசைப்பலகைக்கு மேலால் நடந்துபோன மாதிரி இருக்கும். ‘வன்னிப் பெருநிலத்தின் மண் வகைகள்’ என்ற என் அருமையான அத்தியாயம் அப்படித்தான் வந்து விழுந்தது. நான் கொழும்பிலுள்ள உதவிப் பிரிவுக்கு, பொரிந்து தள்ளி, ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எல்லாக் குறிப்பும் பாமினியில் இருக்கிறது, பாமினி இல்லாமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

இரண்டு நாளில் மிகவும் மரியாதையான பதில் வந்தது. செல்வி பாமினிக்கு ஒரு கணக்குத் திறந்துவிட்டோம், கடவுச்சொல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, குறிப்புகளை அவரே ஏற்றலாம்.

நான் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில் பல் பிடுங்கிய இடம் நொந்தது. பொறுப்பாளர் சிரிக்கவில்லை. கணக்கு வந்ததுதானே, இருக்கட்டும், பாப்பம் என்றார். இருந்தது. அடுத்த மாதம் பாமினிக்குப் பயிற்சிப் பட்டறை அழைப்பு வந்தது. அதற்கு அடுத்த மாதம், பட்டறைக்கு ஏன் சமுகமளிக்கவில்லை என்று விளக்கம் கேட்டுப் பீடாதிபதிக்குக் கடிதம் வந்தது. பீடாதிபதி என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிரிவில் இருக்கும் இந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை, ஆளை நான் கண்டதேயில்லையே என்று கவலையோடு விசாரித்தார். அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க அரை மணித்தியாலம் போயிற்று. கடைசியில், அப்ப அவவுக்குச் சம்பளம் இல்லைத்தானே என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டார்.

குறிப்புகளை எழுத்துரு மாற்றி, பக்கம் பக்கமாகத் திருத்தி ஏற்றினேன். முடிந்தது என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் பட்டியல் வந்தது.

தளத்தின் முகம் முழுக்க ஆங்கிலம். வெளிவாரி மாணவர்கள் தமிழில் படிப்பவர்கள் என்பதால் அவர்களுக்குத் திரை தமிழில் தெரிய வேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தமிழ்ச் சொல் போட்டுத் தரவேண்டும். எண்ணூற்றுச் சொச்சம் சொற்கள், ஆங்கில அகரவரிசையில். இரண்டு கிழமைத் தவணை. விரிவுரையாளர்களின் திரை ஆங்கிலத்திலேயே இருக்கும், அதை நாங்கள் தொடத் தேவையில்லை என்றும் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பை நான் சந்தோசமாக வாசித்தேன்.

உதவிக்குத் தமிழ்த்துறைப் பேராசிரியரைக் கூப்பிட்டதுதான் நான் செய்த அடுத்த விசர் வேலை. நல்ல மனிதர். ஆனால் ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் அதன் பூட்டன், பாட்டன் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒரு பொத்தானை என்ன செய்யச் சொல்வது என்பதில் ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. அவர் ‘சொடுக்குக’ என்றார். எங்கள் சனம் அமத்துவார்களே தவிரச் சொடுக்க மாட்டார்கள், சொடுக்குவது விரலைத்தான் என்றேன் நான். ‘அமத்துங்கோ’ என்று போட்டால் பல்கலைக்கழகத்தின் மானம் போய்விடும் என்றார். ‘அழுத்தவும்’ என்று சமாதானம் செய்துகொண்டு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

மாணவர்கள் தங்களுக்குள் உரையாடும் பகுதிக்கு நான் ‘கதை’ என்று போட்டேன். எங்கள் ஊரில் பேசுவதற்குக் கதை என்றுதானே பெயர். பேராசிரியர் பதறிப்போய், இந்தியாவிலிருந்து யாராவது பார்த்தால் சிறுகதை என்று நினைப்பார்கள் என்றார். ஒட்டுசுட்டான் முன்பள்ளி ஆசிரியையின் பாடத்துக்குள் இந்தியாவிலிருந்து யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். அது கொஞ்சம் உரத்த குரலில் வந்துவிட்டது. பிறகு, தளங்கள் நம் கணினியில் இறக்கிவைக்கும் சின்னக் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பிஸ்கற்றின் பெயர் வைத்திருப்பதைக் கண்டு அவர் அசந்துபோனார். அப்படியானால் நல்ல தமிழில் ‘மாச்சில்’ என்று எழுதுங்கள் என்றார். எழுதினேன். ‘இத்தளம் மாச்சில்களைப் பயன்படுத்துகிறது, உங்களுக்குச் சம்மதமா’ என்று இன்றைக்கும் அங்கே கிடக்கிறது. மாணவர்கள் எல்லோரும் சம்மதம் என்றுதான் அழுத்தியிருக்கிறார்கள்.

இப்படியே போய் நாங்கள் அரைவாசிப் பட்டியலுக்கு வந்தபோது தவணைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. பேராசிரியர் ஒரு கருத்தரங்குக்கு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை மலைபோலக் கிடந்தது. எல் என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைப் பார்த்தவுடன் எனக்குச் சீவன் போய்விட்டது. மிச்சம் முழுவதையும் இணையத்தில் சும்மா கிடைத்த ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்குள் கொட்டி, அது கக்கியதை அப்படியே எடுத்து, ஒரு வரிகூட வாசிக்காமல் கொழும்புக்கு அனுப்பினேன். யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. நான்தான் செய்தேன். அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய் ஒடியல் கூழ் குடித்தேன்.

தளம் திறந்த முதல் நாளே போன் அடிக்கத் தொடங்கிற்று. செட்டிகுளத்துக் கமக்காரர் ஒருவர்தான் முதலில் எடுத்தார். மிஸ், பாடத்துக்குள் எப்படிப் போவது, இங்கே ‘மரக்குற்றி உள்ளே’ என்று கிடக்கிறதே என்றார். எனக்கு விளங்கவில்லை. கீழே ‘மரக்குற்றி வெளியே’ என்றும் கிடக்கிறது, பெர்மிட் இல்லாமல் மரக்குற்றி ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும், அதுதான் கேட்டுவிட்டு அமத்தலாம் என்று யோசித்தேன் என்றார் மனுசன், குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான் ஆங்கிலச் சொல்லை நினைத்துப் பார்த்தேன். உட்புகும் வாசலுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரில் ஒரு பாதி மரக்குற்றிதான். இயந்திரம் தன் கடமையைச் செய்திருக்கிறது.

அதே கமக்காரர் மூன்றாம் கிழமையும் எடுத்தார். ஒரு சின்னப் பயிற்சியை நெல் வெட்டு மும்முரத்தில் இரண்டு நாள் பிந்தி அனுப்பியிருக்கிறார். அவர் பெயருக்கு நேரே சிவப்பில் ‘காலஞ்சென்றவர்’ என்று வந்திருக்கிறது.

“செத்தவனுக்கும் புள்ளி போடுவியளோ மிஸ்?” என்று கேட்டார்.

போடுவோம், ஆனால் பத்துப் புள்ளி குறைப்போம் என்றேன். பிந்தி வந்ததற்கும் செத்துப்போனவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நானும் பொறுப்பாளரும் வயிறு நோகச் சிரித்தோம். அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். அந்தக் கிழமை பிந்தி அனுப்பியவர்கள் பதினொரு பேர், பதினொரு பேரும் காலமாகிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் இதுதான் கதை. யாராவது வேலைக்குப் பிந்தி வந்தால், ஆள் காலஞ்சென்றுதான் வந்திருக்கிறார் என்று நக்கல் அடித்தார்கள். நான் ஒரு திருத்தப் பட்டியல் தயாரித்துக் கொழும்புக்கு அனுப்பினேன். சொற்களை மாத முடிவில் மட்டும்தான் மாற்றுவோம் என்று பதில் வந்தது. இன்னும் ஏதாவது பிழை இருக்கிறதா என்று வகுப்பில் கேட்டேன். ஆளையாள் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன் என்று நானும் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

தவணையின் பெரிய ஒப்படை, அவரவர் ஊர்க் குளமும் அதன் நீர்ப் பங்கீடும். கையால் வரைபடம் கீறி, படம் பிடித்து, அறிக்கையோடு தளத்தில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணியோடு தளம் தானாகப் பூட்டிக்கொள்ளும். கடதாசியில் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன் என்று நான் தலைகீழாக நின்று சொல்லியிருந்தேன். இவ்வளவு பாடுபட்டுத் தளத்துக்கு மாறிவிட்டு, பிறகும் கட்டுக் கட்டாய்க் கடதாசி சுமக்க எனக்கு என்ன விசரா.

பூட்டுவதற்கு நாலு நாள் முன், திங்கட்கிழமை, என் திரையில் பார்த்தேன். ரீச்சரைத் தவிர எல்லோருடையதும் வந்துவிட்டது. ரீச்சருடையதும் அங்கேதான் கிடந்தது, ஆனால் வரைவாக. அதாவது ஆள் அறிக்கையை ஏற்றிவிட்டார், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அழுத்தாவிட்டால் அது வந்த கணக்கில் சேராது. முந்திய சின்னப் பயிற்சியையும் அவர் அனுப்பியிருக்கவில்லை, அது கட்டாயமில்லை என்று நான் விட்டிருந்தேன். போன் எடுத்துச் சொன்னேன். “ஓம் மிஸ்” என்றார். செவ்வாய் பார்த்தேன், அப்படியே கிடந்தது. திரும்ப எடுத்தேன். போட்டிட்டன் மிஸ் என்றார். போட்டது காணாது, கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். “ஓம் மிஸ்.”

வியாழன் மத்தியானம் வரை வரைவாகவே கிடந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. எண்ணூறு சொல்லைப் பெயர்த்து, பதினைந்து வருடக் குறிப்பைத் திருத்தி, ஒரு பல்லையும் இழந்து நான் இந்தக் கண்டறியாத தளத்தைக் கட்டியெழுப்பியிருக்கிறேன், ஒரு பொத்தானை அழுத்தப் பஞ்சியா என்று நினைத்தேன். போனை எடுத்து, யார் எவர் என்றுகூடப் பாராமல் பொரிந்தேன்.

“உமக்கு இந்தப் படிப்பு வேணுமோ வேண்டாமோ? நாளைக்கு நாலு மணிக்குப் பிறகு நானே நினைச்சாலும் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?”

அந்தப் பக்கத்தில் முன்பள்ளிப் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடுவது மட்டும் கேட்டது. பிறகு, நாளைக்கு வாறன் மிஸ் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நெடுங்கேணிப் பக்கத்தால் வரும் பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று மணிக்கு என் அறை வாசலில் நின்றார். வேர்த்துக் களைத்திருந்தார். பஸ் இடையில் பழுதாம். கையில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு. அதற்குள் அறிக்கை முழுக்க வடிவாக அச்சடித்து, வரைபடங்களின் மூலப் பிரதியையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கலர்ப் பென்சிலால் கீறிய குளம், வாய்க்கால்கள், யானை உடைக்கும் இடங்களுக்குச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அந்த வகுப்பில் அதைப்போல ஒரு வரைபடம் வேறு யாரும் கீறவில்லை.

கையிலே தந்துவிடட்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். கெஞ்சினார். நானும் விடவில்லை. விட்டிருக்கலாம். ஆனால் வீம்பு பிடித்தால் நான் அப்படித்தான். என் கதிரையைக் காட்டி, இஞ்சை இரும், என்ரை கண்ணுக்கு முன்னால் அமத்தும் என்றேன். ரீச்சர் இருந்து, தன் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனார். நான் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மாணவர்களின் திரையை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறேன்.

மேலே பெரிய எழுத்தில் ‘ஒப்படை’. அதன் கீழே அவருடைய பெயர். அதற்கும் கீழே, நீல நிறத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தான். அதில் ‘சரணடை’ என்று இருந்தது.

அனுப்புவதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் சொல்லுக்கு அடிபணிவது என்றும் ஒரு கருத்து உண்டு. எஸ் எழுத்தில் வரும் சொல். நான் வாசிக்காமல் விட்ட பாதிக்குள் இருந்தது. பொத்தானுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. ‘சரணடைந்தவை திரும்பக் கிடைக்கமாட்டா. உறுதியாகச் சரணடைய விரும்புகிறீர்களா?’

மரக்குற்றிக்குப் போன் எடுத்தார்கள், காலஞ்சென்றவருக்குப் போன் எடுத்தார்கள். இதற்கு ஒருவரும் எடுக்கவில்லை. இன்னும் பிழை இருக்கிறதா என்று கேட்டபோது ஆளையாள் பார்த்தார்களே, அது இதுதான். முல்லைத்தீவுக்காரர், கிளிநொச்சிக்காரர், அத்தனை பேரும் இந்தப் பொத்தானை அழுத்தி, ஒரு வார்த்தை சொல்லாமல் ஒப்படையை அனுப்பியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து சனம் ஆமியிடம் சரணடைந்த அந்த நாட்களில் நான் கொழும்பில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் செய்தியில்தான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நின்ற இடத்தில் நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல வெட்கமாக இருந்தது.

“இதை அமத்தினால் ஒப்படைதான் போகும் எண்டு எனக்குத் தெரியும் மிஸ்” என்றார் ரீச்சர். திரையைப் பார்த்தபடிதான் சொன்னார். “விசர்க்கதை எண்டும் தெரியும். நாலு நாளாய்ப் பாக்கிறன். கை போகுதில்லை.”

நான் பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன்.

“பாலம் தாண்டி வந்த அண்டைக்கு ஆமிக்காரர் மைக்கிலை சொன்னவை, இயக்கத்திலை ஒரு நாள் இருந்தவையெண்டாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம் எண்டு. என்ரை மனுசன் மாட்டன் எண்டு நிண்டவர். நான்தான் போங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போய் விட்டனான். மகள் கைப்பிள்ளை. பதிஞ்சிட்டால் கரைச்சல் இல்லாமல் வீட்டை போகலாம் எண்டு நினைச்சனான். அவரைப் பஸ்ஸிலை ஏத்தினவை. அவ்வளவுதான் மிஸ்.”

பல வருடம் என் வகுப்பில் இருந்தவர். மகளுக்கு டெங்கு வந்தது எனக்குத் தெரியும், யானை சுவரை இடித்தது தெரியும். இதை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

மணி மூன்று இருபத்தைந்து. நான் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். குரலில் என்ன இருந்ததோ, மனிதன் ஒருநாளும் இல்லாமல் ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவர் பாப்பம் என்று சொல்லவில்லை. சொல்லை இங்கிருந்து மாற்ற முடியாது, ஆனால் ரீச்சருடைய கணக்கின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று மெதுவாகச் சொல்லி, குனிந்து எங்கேயோ தட்டினார். திரை ஒருமுறை வெளுத்து, திரும்ப ஆங்கிலத்தில் வந்தது. என் வீட்டு வாசல்படி மாதிரிப் பழகிய ஆங்கிலப் பொத்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை காணும் சொல். ஒரு குற்றமும் இல்லாத முகத்தோடு நின்றது.

ரீச்சர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். திரையில் பச்சை அடையாளம் ஒன்று விழுந்தது. என் பட்டியலில் கடைசியாக நின்ற பெயரும் வந்தவர்களோடு சேர்ந்தது. இனிப் பரீட்சைக்கு அவரை யாரும் மறிக்க முடியாது. பொறுப்பாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தேத்தண்ணி சொல்லிவிட்டு வாறன் என்று வெளியே போனார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கைப்பைக்குள் போட்ட பிளாஸ்ரிக் கோப்பைத் திரும்ப வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

“கிடைச்சது எண்டு எழுதித் தருவியளோ மிஸ்?”

தளமே மின்னஞ்சல் அனுப்பும், இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்றேன். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“அது வேண்டாம். உங்கடை கையாலை எழுதித் தாங்கோ.” பேனையை என் பக்கம் நகர்த்தினார். “அவரைத் தேடி எங்கை போனாலும் எங்களிட்டைக் கேக்கினம், ஆளைக் குடுத்ததுக்கு என்ன அத்தாட்சி எண்டு. அண்டைக்கு ஒருத்தரும் எழுதித் தரேல்லை. கேக்க வேணும் எண்டு எனக்கும் தெரியேல்லை.”

மேசை லாச்சியைத் திறந்து, வளாகத்தின் பெயர் அச்சடித்த கடதாசி ஒன்றை எடுத்தேன். இன்னாரிடமிருந்து, இன்ன தலைப்பில், இருபத்திரண்டு பக்கங்கள் கொண்ட ஒப்படையும் மூன்று வரைபடங்களும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். எழுதுமுன் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவரும் என்னோடு சேர்ந்து எண்ணினார். திகதி போட்டு, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி நீட்டினேன்.

வாங்கி, வரி வரியாக வாசித்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்தார்.

“நேரம் போடேல்லை மிஸ்.”

நேரத்தைப் போட்டேன். அவர் கையை எடுக்கவில்லை. விரலை என் கையொப்பத்துக்குக் கீழே வைத்தபடி நின்றார்.

“இது கோடு மாதிரித்தான் கிடக்கு. ஆர் வாங்கினது எண்டு தெரிய வேணும். பேரை எழுதுங்கோ.”

என் பெயரை, தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்தும் சுருக்காமல் எழுதிக் கொடுத்தேன்.